ஹார்மோன்கள் விட்டுச் செல்லும் சுவடுகள்

இதயம், நுரையீரல், கண், காது என்று உடலின் உறுப்புகளைப் பற்றி வகுப்பறையில் தயக்கமின்றிப் படிக்கிறோம். படம் வரைந்து பாகங்களைக் குறிக்கிறோம். மார்பகம் என்ற சொல் வந்தவுடன் மட்டும் நம்மில் பலர் தலையைக் குனிந்துகொள்கிறோம். பிறந்த குழந்தைக்கு முதல் உணவைத் தருவது அந்த உறுப்பே. ஆயினும் அதில் தோன்றும் நோயைப் பற்றி வீடுகளில் தாழ்ந்த குரலில்தான் பேச்சு நடக்கிறது. இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் இன்று முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய். நாணத்தினால் மறைக்கப்பட்டு, காலம் கடந்தபின் மருத்துவரிடம் காட்டப்படுவதும் பல வேளைகளில் அதுவே. அறியாமையும் நாணமும் சேர்ந்துகொண்டால் உயிருக்கே உலை வைத்துவிடும்.

இம்மலரைக் கையில் எடுக்கும் மாணவியர், அருட்சகோதரியர், பெற்றோர் ஆகிய மூவருக்கும் பொருந்தும் ஒரு செய்தியை இங்கு விளக்க விரும்புகிறோம். பூப்பெய்தும் பருவத்திலும், ஒவ்வொரு மாதமும், கருவுற்ற காலத்திலும் நம் இரத்தத்தில் சில ஹார்மோன்கள் பெருகுகின்றன, பின்னர் வடிந்துவிடுகின்றன. அவை வடிந்த பின்னும் மார்பகத் திசுவில் உள்ள ஜீன்களின் செயலில் ஒரு மாற்றத்தை விட்டுச் செல்கின்றன. அந்த மாற்றம் பல்லாண்டுகள் நிலைக்கிறது. வெள்ளம் வடிந்த பின்னும் ஆற்று மணலில் கோடுகள் நிற்பது போன்றது இது. இதை விஞ்ஞானம் கண்டறிந்த வரலாறு, வியப்பூட்டும் வகையில், கன்னியர் மடங்களில்தான் தொடங்குகிறது.

கன்னியர் மடங்களில் ஒரு புதிர்

இத்தாலி நாட்டில் பெர்னார்தினோ ராமத்சினி என்ற மருத்துவர் இருந்தார். 1633-ஆம் ஆண்டில் பிறந்த அவர் மோதெனாவிலும் பாதுவாவிலும் பேராசிரியராகப் பணியாற்றினார். நோயாளியின் படுக்கையருகே செல்லும் மருத்துவர், "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்றும் கேட்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். ஒவ்வொரு தொழில் செய்வோருக்கும் வரும் நோய்களைத் தொகுத்து அவர் எழுதிய நூல் 1700-இல் வெளியாயிற்று; 1713-இல் விரிவாக்கப்பட்டது. கன்னியர் மடங்களில் வாழ்வோரிடம் மார்பகப் புற்றுநோய் மற்றப் பெண்களைவிட மிகுதியாகக் காணப்படுகிறது என்று அந்நூலில் அவர் குறித்தார். கருப்பைக்கும் மார்பகத்துக்கும் இடையே கண்ணுக்குப் புலப்படாத ஏதோ ஓர் உறவு இருக்க வேண்டும் என்றும் எண்ணினார். அந்த உறவு எத்தகையது என்பதைச் சொல்ல அக்காலத்தில் வழி இல்லை.

ஒரு நூற்றாண்டுக்குப் பின், அதே இத்தாலியில், தொமேனிகோ ரிகோனி-ஸ்டெர்ன் என்ற மருத்துவர் வெரோனா நகரின் இறப்புப் பதிவேடுகளைப் புரட்டினார். 1760 முதல் 1839 வரை, 80 ஆண்டுகளுக்குரிய கணக்கு அது. 1842-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கருப்பைப் புற்றுநோய் மணமான பெண்களிடம் மிகுதி, கன்னியரிடம் குறைவு. மார்பகப் புற்றுநோயோ கன்னியரிடம் மிகுதி. ராமத்சினி கண்ணால் கண்டதை ரிகோனி-ஸ்டெர்ன் எண்ணிக்கையால் காட்டினார்.

1926-இல் இங்கிலாந்தில் ஜானெட் லேன்-கிளேப்பன் என்ற பெண் மருத்துவர் நோயுற்ற 500 பெண்களையும் நோயற்ற 500 பெண்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். நோயுற்றவர்களில் மிகுதியானோர் காலம் தாழ்ந்து மணந்தவர்கள். குறைவாகவே மக்களைப் பெற்றவர்கள். 1969-இல் அமெரிக்காவில் 31,000-க்கும் மேற்பட்ட கத்தோலிக்கக் கன்னியரின் இறப்புக் கணக்கு ஆராயப்பட்டது. அங்கும் ராமத்சினி சொன்னதே உறுதியாயிற்று.

அடுத்த ஆண்டே, 1970-இல், பிரையன் மக்மஹோன் என்பவரின் தலைமையில் பாஸ்டன், வேல்ஸ் நாட்டின் கிளமோர்கன், ஏதென்ஸ், ஸ்லொவேனியா, சாவோ பாவுலோ, தைபே, டோக்கியோ ஆகிய ஏழு இடங்களில் நடந்த ஆய்வு வெளிவந்தது. 18 வயதுக்குள் முதல் குழந்தையைப் பெற்றவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு, 35 வயதுக்கு மேல் முதல் குழந்தையைப் பெற்றவர்களுக்கு உள்ளதில் மூன்றில் ஒரு பங்கே என்று அது காட்டியது. இளம் வயதில் மணம் செய்துவைக்க இதைக் காரணமாக எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பருவம் முதிராத பேறு தாய்க்கும் சேய்க்கும் விளைக்கும் கேடு மிகப் பெரியது. இங்கே நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. இளமையில் சில மாதங்கள் உடலில் நிகழ்ந்த ஒன்று, முதுமையில் வரக்கூடிய நோயைத் தடுக்கிறது. அப்படியானால் அந்தச் சில மாதங்களின் நினைவை உடல் எங்கே வைத்திருக்கிறது?

ஹார்மோன் என்னும் தூதுவர்

ராமத்சினி ஐயுற்ற கண்ணுக்குப் புலப்படாத உறவின் முதல் தடயம் ஸ்காட்லாந்தில் கிடைத்தது. கன்று ஈன்ற பசுவின் அண்டகங்களை அகற்றிவிட்டால் பால் வற்றாமல் நீடிக்கும் என்ற செய்தி கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன் கவனத்தை ஈர்த்தது. அண்டகம் எங்கோ அடிவயிற்றில் இருக்கிறது. மடியை அது எவ்வாறு ஆள்கிறது? மார்பகப் புற்றுநோய் முற்றிய பெண்களுக்கு அண்டகங்களை அகற்றிப் பார்த்தார். சிலருக்குக் கட்டி சுருங்கியது. 1896-இல் இதை வெளியிட்டார். அப்பொழுது ஹார்மோன் என்ற சொல்லே பிறக்கவில்லை. "கிளர்ந்தெழச் செய்வது" என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1905-இல் அப்பெயரை வழங்கியவர் ஆங்கிலேய உடலியலார் ஸ்டார்லிங்.

ஹார்மோன் ஒரு தூதுவர். ஒரு சுரப்பியில் தோன்றி, இரத்தத்தில் கலந்து, தொலைவில் உள்ள உறுப்புக்குச் செய்தி கொண்டு செல்கிறது. இரத்தம் எல்லா உறுப்புக்கும் ஓடுகிறது. எனினும் செய்தியை ஏற்கும் செல்கள் சிலவே. ஈஸ்ட்ரோஜனைப் பற்றி ஏற்றுக்கொள்ளும் தனிப் புரதம் ஒன்று கருப்பையிலும் மார்பகத்திலும் இருப்பதை 1950-களின் இறுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் எல்வுட் ஜென்சன் கண்டறியத் தொடங்கினார். அதனை ஏற்பி என்கிறோம். பூட்டுக்கு ஏற்ற சாவி போல ஹார்மோன் ஏற்பியில் பொருந்துகிறது. பொருந்தியதும் ஏற்பி செல்லின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ. இழையின் மீது குறிப்பிட்ட இடத்தில் அமர்ந்து, அங்குள்ள ஜீன்களைத் தூண்டவோ அடக்கவோ செய்கிறது.

மார்பகம் வளரும் விதம்

மற்ற உறுப்புகள் பெரும்பாலும் தாயின் வயிற்றிலேயே உருப்பெற்றுவிடுகின்றன. மார்பகம் அப்படியன்று. பிறந்த பெண் குழந்தைக்குச் சில சிறு நாளங்கள் மட்டுமே இருக்கும். பூப்பெய்தும் பருவத்தில் அண்டகங்கள் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கின்றன. உடனே அந்த நாளங்கள் நீண்டு, மரக்கிளை போலப் பிரிந்து, நுனிகளில் சிறு மொட்டுகளை உண்டாக்குகின்றன. ஒவ்வொரு மாதமும், மாதவிலக்குக்கு முந்திய நாட்களில், புரொஜெஸ்டிரான் மிகுந்து அங்குள்ள செல்கள் சற்றுப் பெருகுகின்றன. கரு அமையாவிட்டால் பின்வாங்குகின்றன. பல பெண்களுக்கு அந்நாட்களில் மார்பில் கனமும் வலியும் தோன்றுவதற்குக் காரணம் இந்த மாதாந்திர மாற்றங்களே. அதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

கருவுற்றால் நிலைமை வேறு. ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரான், பிட்யூட்டரி சுரப்பி தரும் புரோலாக்டின் ஆகியன மாதக் கணக்கில் உயர்ந்து நிற்கின்றன. மொட்டுகள் காய்த்துக் குலுங்குவது போலப் பால் சுரக்கும் நுண்ணறைகள் பல்கிப் பெருகுகின்றன. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரொஜெஸ்டிரான் சரிகிறது, பால் பெருக்கெடுக்கிறது. குழந்தை பால் குடிப்பதை மறந்த பின், தேவையற்ற செல்கள் தாமாகவே மடிந்து மறைகின்றன. கொழுப்புத் திசு மீண்டும் இடத்தை நிரப்புகிறது. வெளியிலிருந்து பார்த்தால் பழைய நிலைக்கே வந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் ஜீன்களின் அளவில் அது பழைய திசு அன்று.

நூலும் அதைப் படிக்கும் முறையும்

நம் உடலில் உள்ள ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் ஒரே டி.என்.ஏ. தான் இருக்கிறது. புரதங்களை ஆக்கும் ஜீன்கள் மட்டும் சுமார் 20,000. கண்ணில் உள்ள செல்லுக்கும் பால் சுரக்கும் ஜீன் உண்டு. ஆனால் அது அங்கே செயல்படுவதில்லை. ஒரே நூல் எல்லாச் செல்களிடமும் இருந்தாலும், ஒவ்வொன்றும் தனக்குரிய பக்கங்களை மட்டுமே படிக்கிறது.

இது எவ்வாறு நிகழ்கிறது? ஒரு செல்லில் உள்ள டி.என்.ஏ.யை நீட்டினால் இரண்டு மீட்டர் நீளம் இருக்கும். அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவேயான உட்கருவுக்குள் அடங்க வேண்டும். ஆகவே ஹிஸ்டோன் என்னும் புரதங்களின் மீது, நூற்கண்டில் நூல் சுற்றுவது போல, அது சுற்றப்பட்டிருக்கிறது. இறுகச் சுற்றிய பகுதியில் உள்ள ஜீன்களைச் செல் எளிதில் படிக்க முடியாது. தளர்ந்த பகுதியைப் படிக்கலாம். இன்னொரு முறையும் உண்டு. ஒரு கார்பன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த மீதைல் தொகுதி, டி.என்.ஏ.யின் சில எழுத்துகளின் மீது ஒட்டிக்கொள்ளும். ஜீனின் தொடக்கப் பகுதியில் இது மிகுதியாக ஒட்டியிருந்தால் அந்த ஜீன் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும், நீங்கினால் விழித்தெழும். இங்கே டி.என்.ஏ.யின் எழுத்து ஒன்றுகூட மாறுவதில்லை. படிக்கும் முறைதான் மாறுகிறது.

செல் இரண்டாகப் பிரியும் போது இந்தக் குறிகளில் பல, புதிய செல்களுக்கும் நகல் எடுத்துக் கொடுக்கப்படுகின்றன. அதனால்தான் ஒரு முறை இடப்பட்ட குறி ஆண்டுக் கணக்கில் நிலைக்க முடிகிறது. இத்துறைக்கு எபிஜெனிடிக்ஸ் என்று பெயர். 1942-இல் அச்சொல்லை ஆக்கியவர் பிரிட்டிஷ் உயிரியலார் கான்ராட் வாடிங்டன்.

நம் பாவாடையை எண்ணிப் பார்ப்போம். வளரும் பிள்ளை என்று அம்மா கீழே மடித்துத் தைக்கிறார். ஓராண்டு கழித்துத் தையலைப் பிரித்து நீளமாக்குகிறார். துணி அதே துணிதான். ஓர் இழையும் மாறவில்லை. ஆயினும் மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு நின்றுவிடுகிறது. மறுபடி மடித்தால் அந்தக் கோட்டிலேயே தானாக மடிகிறது. ஹார்மோன்கள் ஜீன்களின் மீது விட்டுச் செல்லும் சுவடும் ஏறக்குறைய இத்தகையதே.

எலிகள் கற்பித்த பாடம்

இதனை நேரில் காட்டியது அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடம். காமிலா தோஸ் சாந்தோஸ், கிரெகரி ஹானன் முதலியோர் 2015-இல் தம் ஆய்வை வெளியிட்டனர். ஒரு முறையும் கருவுறாத சுண்டெலிகளின் பால்சுரப்பிச் செல்களையும், ஒரு முறை குட்டி ஈன்றவற்றின் செல்களையும் அவர்கள் ஒப்பிட்டனர். ஈன்ற எலிகளில் டி.என்.ஏ.யின் பல இடங்களிலிருந்து மீதைல் குறிகள் நீங்கியிருந்தன. பால் வற்றிச் சுரப்பி சுருங்கி நெடுநாள் ஆன பின்னும் அந்நிலை மாறவில்லை. அவ்விடங்களுள் பல, புரோலாக்டினின் செய்தியை உட்கருவுக்குக் கொண்டு செல்லும் ஸ்டாட்-5 என்னும் புரதம் வந்து அமரும் இடங்கள்.

இதனால் என்ன பயன்? இரண்டாம் முறை கருவுற்ற எலிகளில் சுரப்பி முதல் முறையைவிட விரைவாக வளர்ந்தது. பால் தொடர்பான ஜீன்களும் விரைவாக விழித்துக்கொண்டன. பழைய மடிப்புக் கோடு அங்கே உதவியது. முதல் குழந்தைக்குப் பால் சுரக்கத் தாமதமாயிற்று, அடுத்த குழந்தைக்கு விரைவில் சுரந்தது என்று தாய்மார் பலர் சொல்வது இங்கே நினைவுக்கு வரும்.

இந்தச் சுவடு பால் சுரப்போடு நின்றுவிடவில்லை. தோஸ் சாந்தோஸ் குழுவினர் 2020-இல் மற்றொரு சோதனையை வெளியிட்டனர். சி-மிக் என்பது அளவுமீறிச் செயல்பட்டால் செல்லைப் புற்றுநோய்ப் பாதையில் தள்ளும் ஜீன். அதைக் கன்னி எலிகளின் செல்களில் முடுக்கியபோது புற்றுக்கு முந்திய கட்டிகள் தோன்றின. ஈன்ற எலிகளின் செல்களில் முடுக்கியபோது அவை தோன்றவில்லை. தூண்டுதல் ஒன்றே, விளைவு வேறு. ஜீன்களை அடுக்கி வைத்திருந்த முறை மாறியிருந்ததே அதற்குக் காரணம்.

பெண்களிடம் கண்டவை

எலிக்கு உள்ளது பெண்ணுக்கும் உண்டா? பிலடெல்பியாவில் நெடுங்காலம் ஆராய்ந்த ஹோசே ருஸ்ஸோ, இர்மா ருஸ்ஸோ தம்பதியர் இதற்கு விடை தேடினர். குழந்தை பெறாத பெண்களின் மார்பகத்தில் மொட்டு நிலையிலுள்ள எளிய நுண்மடல்கள் மிகுதி என்றும், பெற்றவர்களிடம் முதிர்ந்து கிளைத்த நுண்மடல்கள் மிகுதி என்றும் அவர்கள் கண்டிருந்தனர். பின்னர் ஸ்வீடன் நாட்டில், மாதவிடாய் நின்றுபோன நலமுள்ள பெண்கள் தாமாக முன்வந்து அளித்த சிறு திசுத் துணுக்குகளை அவர்களும் உடன் ஆய்வாளரும் பரிசோதித்தனர். குழந்தை பெற்று எத்தனையோ ஆண்டுகள் கடந்தவர்கள் அவர்கள். அப்படியிருந்தும், பெற்றோருக்கும் பெறாதோருக்கும் இடையே ஜீன்களின் செயலில் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. உட்கருவில் டி.என்.ஏ. சுற்றப்பட்டிருந்த விதமும் வேறுபட்டிருந்தது.

எத்தனை நாள் கருவுற்றிருந்தால் இந்தப் பாதுகாப்பு வருகிறது? டென்மார்க்கில் 23 லட்சம் பெண்களின் பதிவுகளையும் நார்வேயில் 16 லட்சம் பெண்களின் பதிவுகளையும் கொண்டு 2018-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கரு 34 வாரங்களை எட்டியிருந்தால் நோய் வாய்ப்பு சராசரியாக 13.6 விழுக்காடு குறைந்தது. 33 வாரங்களுக்குள் முடிந்திருந்தால் 2.4 விழுக்காடு மட்டுமே குறைந்தது. ஆகவே 34-ஆம் வாரத்தையொட்டி மார்பகத்தில் ஏதோ ஒரு முக்கியமான முதிர்ச்சி நிகழ்கிறது என்று அவ்வாய்வாளர் கருதினர்.

தாய்ப்பால் ஊட்டுவதும் இக்கணக்கில் சேரும். 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2002-இல் வெளியிடப்பட்ட முடிவின்படி, ஒவ்வொரு பேற்றுக்கும் நோய் வாய்ப்பு 7 விழுக்காடு குறைகிறது. அதற்கு மேலும், பால் ஊட்டிய ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 4.3 விழுக்காடு குறைகிறது.

வரவும் செலவும்

இதுவரை சொன்னவற்றால், ஹார்மோன்கள் நன்மை மட்டுமே செய்கின்றன என்று நினைத்துவிடக் கூடாது. வரவும் உண்டு, செலவும் உண்டு.

குழந்தை பிறந்தவுடன் பாதுகாப்பு வந்துவிடுவதில்லை. 2019-இல் 15 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பேற்றுக்குப் பின் நோய் வாய்ப்பு முதலில் உயர்ந்து, ஏறக்குறைய ஐந்தாம் ஆண்டில் உச்சத்தை அடைந்து, பின் தணிவது தெரிந்தது. அது பெறாதவர்களின் அளவுக்குக் கீழே இறங்க 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இளம் தாய்மாரிடம் இந்நோய் அரிது என்பதால் அந்த உயர்வு உண்மையில் சிலரையே பாதிக்கும். ஆயினும் பால் கட்டியிருக்கிறது என்று எண்ணி, ஆறாத கட்டியை அலட்சியம் செய்யக் கூடாது.

பூப்பெய்தும் வயதும் கணக்கில் வருகிறது. 117 ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியிட்ட முடிவு, ஓராண்டு முன்னதாகப் பூப்பெய்தினால் நோய் வாய்ப்பு 5 விழுக்காடும், ஓராண்டு பின்தங்கி மாதவிடாய் நின்றால் சுமார் 3 விழுக்காடும் கூடுகிறது என்றது. மாதச் சுழற்சி ஒவ்வொன்றிலும் செல்கள் பெருகிப் பின்வாங்குகின்றன. எத்தனை முறை செல் பிரிகிறதோ அத்தனை முறை பிழை நேர வாய்ப்பு உண்டு. 13 வயதில் பூப்பெய்தி 50 வயதில் மாதவிடாய் நிற்கும் வரை ஒரு முறையும் கருவுறாத பெண்ணுக்கு, ஏறக்குறைய 450 சுழற்சிகள் வரும். மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் டோகோன் இனப் பெண்களிடம் பெவர்லி ஸ்டிராஸ்மன் என்ற மானிடவியலார் ஆராய்ந்தபோது, பல மக்களைப் பெற்று நெடுங்காலம் பால் ஊட்டும் அப்பெண்களுக்கு வாழ்நாளில் சுமார் 100 சுழற்சிகளே வருவதைக் கண்டார். கன்னியர் மடத்துப் புதிரின் ஒரு பாதி இங்கே விடுபடுகிறது. மறு பாதி, கருவுறும் காலத்தில் ஜீன்கள் மீது விழும் அந்த முதிர்ச்சிச் சுவடு அவர்களுக்குக் கிடைக்காமற் போனது.

மாதவிடாய் நின்ற பின் வெளியிலிருந்து மாத்திரையாக எடுத்துக்கொள்ளும் ஹார்மோன்களும் சுவடு வைக்கின்றன. ஈஸ்ட்ரோஜனையும் புரொஜெஸ்டிரான் வகை மருந்தையும் சேர்த்து ஐந்தாண்டுகளுக்கு மேல் உட்கொண்டவர்களுக்கு, நிறுத்திப் பத்தாண்டுகள் ஆன பின்னும் நோய் வாய்ப்பு சற்று மிகுந்தே இருந்தது என்று 2019-இல் வெளியான பெரிய தொகுப்பு ஒன்று காட்டியது. அத்தகைய மருந்தை மருத்துவரைக் கேளாமல் தொடங்கவும் கூடாது. அச்சத்தால் நாமாக நிறுத்தவும் கூடாது.

இன்னொரு வியப்பும் உண்டு. மீதைல் குறிகளைக் கொண்டு திசுவின் வயதைக் கணிக்கும் முறையை 2013-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் ஹோர்வாத் வெளியிட்டார். ஒரு பெண்ணின் மற்றத் திசுக்களைவிட அவளது நலமான மார்பகத் திசு இரண்டு மூன்று ஆண்டுகள் மூத்ததாகக் காட்டியது. வாழ்நாள் முழுவதும் ஹார்மோன்களின் வரவுபோக்குக்கு உள்ளாகும் திசு அது என்பதை எண்ணினால் இதன் பொருள் விளங்கும்.

இது விதியன்று, பழியுமன்று

இத்தனையும் படித்தபின் சிலருக்கு மனம் கலங்கலாம். இரண்டு செய்திகளைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, இங்கே கூறியவை பெருந்திரளான பெண்களைச் சேர்த்துப் பார்த்த கணக்குகள். தனி ஒருவருக்கு இன்னது நடக்கும் என்று இவை சொல்வதில்லை. குழந்தை பெறாத பெண்களில் மிகப் பெரும்பான்மையோருக்கு இந்நோய் வருவதில்லை. பல மக்களைப் பெற்ற தாய்க்கும் வருவதுண்டு. 1994-இலும் 1995-இலும் கண்டறியப்பட்ட பிராகா-1, பிராகா-2 என்னும் ஜீன்களின் எழுத்திலேயே பிழையுடன் பிறப்போர் சிலர் இருக்கின்றனர். அவர்களுக்கு வாய்ப்பு வேறு வகையில் மிகுகிறது. ஆகவே நெருங்கிய உறவில் இளவயதில் இந்நோய் கண்டிருந்தால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, இந்த அறிவை எவரையும் இழித்துப் பேசும் கருவியாக்கக் கூடாது. துறவு வாழ்வை ஏற்ற சகோதரியும், மணம் செய்துகொள்ளாத அத்தையும், மகப்பேறு வாய்க்காத அக்காளும் எந்தக் குற்றமும் செய்தவர்கள் அல்லர். நோய் தண்டனையுமன்று, சாபமுமன்று. பிறர் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக வளர்க்கும் இவர்களைத்தான், "உங்கள் உடல்நலத்தையும் கவனித்துக்கொள்ளுங்கள்" என்று நாம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். தாய்மாராவது பேற்றுக் காலத்தில் பெண் மருத்துவரைப் பல முறை பார்க்கிறார்கள். இவர்களுக்கு அந்த வாய்ப்பே வருவதில்லை. கேட்பார் இல்லாமையாலும், பிறர் வேலையை முன்வைத்துத் தம் வேலையைப் பின்னே தள்ளும் பழக்கத்தாலும், காலம் கழிந்துவிடுகிறது.

நாம் செய்ய வேண்டியவை

மார்பிலோ அக்குளிலோ புதிதாகத் தோன்றும் கட்டி, தோலில் குழி விழுதல் அல்லது ஆரஞ்சுத் தோல் போலத் தடித்தல், காம்பு உள்ளிழுத்தல், இரத்தம் கலந்த கசிவு, ஆறாத புண் ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொடக்கத்தில் வலி இருக்காது என்பதே இந்நோயின் சூழ்ச்சி. வலிக்கவில்லையே என்று பேசாமல் இருந்துவிடக் கூடாது. கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. இளம் பெண்களிடம் தோன்றுபவை மிகப் பெரும்பாலும் தீங்கற்றவை. அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். பக்கத்து வீட்டாரோ நம் அச்சமோ அல்ல.

மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கி 1,51,538 பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2021-இல் வெளியாயிற்று. விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒரு முறை கையாலேயே பரிசோதித்தனர். நோய் முற்றுவதற்கு முன்பே கண்டுபிடிக்க முடிந்தது. 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடம் இந்நோயால் நேரும் இறப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது. எளிய பரிசோதனை, ஆனால் எத்தனை குடும்பங்களில் விளக்கு அணையாமல் காத்திருக்கிறது! 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு இப்பரிசோதனையை நடத்த 2016-இல் இந்திய அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அம்மா, பாட்டி, அத்தை, சித்தி, பெரியம்மா, மடத்துச் சகோதரியர் யாவரும் இதனைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மாற்ற முடியாதவை சில; மாற்றக்கூடியவை பல. மாதவிடாய் நின்ற பின் உடற்பருமன் மிகாமல் காத்தல், அன்றாடம் நடத்தல் அல்லது உடலுழைப்பு, மதுவைத் தவிர்த்தல், இயன்ற தாய்மார் இயன்றவரை தாய்ப்பால் ஊட்டல் ஆகியவை நோய் வாய்ப்பைக் குறைப்பவை. பள்ளி மைதானத்தில் ஓடி விளையாடும் மாணவிக்கு இது இப்பொழுதே தொடங்கும் நல்வழக்கம்.

ராமத்சினி தம் காலத்துக் கன்னியரின் துன்பத்தைக் கண்டு எழுதி வைத்த ஒரு குறிப்பு, முந்நூறு ஆண்டுகள் பயணம் செய்து, ஒரு செல்லின் உட்கருவில் உள்ள மிகச் சிறிய குறி வரை நம்மை அழைத்து வந்திருக்கிறது. அந்த மடங்களில் நோயுற்று மடிந்த பெண்களின் பெயர்கள் நமக்குத் தெரியா. அவர்களுடைய துன்பம் எழுதப்பட்டதால்தான் இன்று நாம் இவ்வளவு அறிகிறோம். மறைத்து வைக்கப்பட்டிருந்தால் எதுவும் அறிந்திருக்கமாட்டோம்.

ஆதலால் அன்பு மாணவியரே, இம்மலரை இன்று வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். இப்பகுதியை உங்கள் அம்மாவுக்கும் பாட்டிக்கும் வாசித்துக் காட்டுங்கள். "உங்களுக்கு ஏதேனும் இப்படி இருக்கிறதா?" என்று ஒரு முறை கேளுங்கள். உங்களுக்கே ஐயம் இருந்தால் அம்மாவிடமோ ஆசிரியையிடமோ சகோதரியிடமோ தயங்காமல் சொல்லுங்கள். நாணம் நம் நடைக்கும் உடைக்கும் அணியாக இருக்கட்டும். நோயை மூடும் திரையாக அது ஆக வேண்டாம்.